கூட்டத்தை யார் நடத்துவது?

(சிறு தொழில் நிறுவனங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், தொண்டு அமைப்புகளின் நிர்வாகிகள் முன் ஆற்றிய சொற்பொழிவு)



உங்களில் பெரும்பாலோர் ஒரு நிறுவனத்தையோ சங்கத்தையோ அறக்கட்டளையையோ நடத்துகிறவர்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லாரையும் உட்காரவைத்து, அடுத்த மூன்று ஆண்டுகளில் என்ன செய்யப்போகிறோம் என்று பேசுகிறீர்கள். அந்தக் கூட்டத்தை யார் நடத்துகிறார் என்று கேட்டால், அநேகமாக எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும்: நான்தான், வேறு யார்? அந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அந்த ஒரு கூட்டத்தை மட்டும் நீங்கள் நடத்தாதீர்கள், அதற்கென்று பயிற்சி பெற்ற வெளியாள் ஒருவரிடம் விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. அலுவலகங்களில் அவரை ஃபெசிலிடேட்டர் என்கிறோம். இந்தப் பேச்சில் நெறியாளர் என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

1991 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு பயிலரங்கிலிருந்து தொடங்கலாம். நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளிவந்து ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது. எல்லாரும் வாக்களித்த தேர்தல் 1994 ஏப்ரலில்தான் வந்தது. ஆனால் 1991-இல், அப்படியொரு தேர்தல் நடக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நாடெங்கும் அரசியல் கொலைகள் நடந்துகொண்டிருந்தன. அந்த வேளையில் மேற்குக் கேப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் லெ ரூ 22 பேரை, ஸ்டெலன்போஷ் நகருக்கு அருகே மோன் ஃப்ளூர் என்ற இடத்துக்கு அழைத்தார். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்காரர்கள், அதைவிடத் தீவிரமான பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸ்காரர்கள், தொழிற்சங்கத்தார், சுரங்க முதலாளிகள் சங்கத்தின் அதிகாரி, பொருளாதார அறிஞர்கள் என்று பலதரப்பட்டவர்கள். சில மாதங்களுக்கு முன்வரை ஒருவரையொருவர் பகைவர் என்றே எண்ணியிருந்தவர்கள் அவர்களில் பலர். 'இந்த நாடு அடுத்த பத்தாண்டுகளில் என்னவாகக்கூடும்?' என்பதுதான் அவர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி.

கூட்டத்தை நடத்தியவர் ஆடம் கஹானே. கனடாக்காரர். அப்போது லண்டனில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் திட்டப் பிரிவில் இருந்தார். எதிர்காலம் எப்படி எப்படியெல்லாம் அமையக்கூடும் என்று பல கதைகளாக எழுதிப்பார்த்துத் திட்டமிடும் முறையை 1970களிலிருந்தே கையாண்டுவந்த நிறுவனம் அது. கஹானேவுக்குத் தென்னாப்பிரிக்க அரசியலில் எந்தப் பக்கமும் கிடையாது. யாருக்கும் அவர் உறவில்லை, யாருக்கும் அவர் கடன்படவுமில்லை.

அவர் வைத்த விதிகள் மிகச் சில. என்ன நடக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களோ அதைச் சொல்லாதீர்கள், என்ன நடக்கக்கூடும் என்று மட்டும் சொல்லுங்கள். ஒருவர் ஒரு கதை சொன்னால் மற்றவர்கள் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: அது ஏன் நடக்கும்? அதற்கடுத்து என்ன நடக்கும்? 'அது நடக்கவே நடக்காது' என்றோ 'அது எனக்குப் பிடிக்கவில்லை' என்றோ சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

இந்தச் சின்ன விதி என்ன செய்தது என்று பாருங்கள். பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸைச் சேர்ந்தவர் ஒரு கதை சொன்னார். சீனாவின் படைபல உதவியோடு விடுதலை இயக்கம் வெல்லும் என்பது அந்தக் கதை. வேறொரு மேடையில் இதைச் சொல்லியிருந்தால் எதிர்த்தரப்பு கொதித்தெழுந்திருக்கும். அவரும் உயிரைக் கொடுத்து அதைக் காப்பாற்றியிருப்பார். இங்கே யாரும் மறுக்கவில்லை. விரித்துச் சொல்லச் சொல்ல அது நிற்காது என்பது சொன்னவருக்கே புலப்பட்டது. பிறகு அந்தக் கதையை யாரும் எடுக்கவில்லை. யாருக்கும் தோற்ற உணர்வும் இல்லை. அதே அரங்கில் சுரங்க முதலாளிகள் சங்கத்தின் அதிகாரி பேனாவும் கையுமாகச் சுவர்த்தாள் முன் நின்று, எதிரணிக்காரர் வெள்ளையர் அரசைப் பற்றிச் சொன்ன கடுஞ்சொற்களை, 'நீங்கள் சொன்னது இதுதானே?' என்று கேட்டுக் கேட்டு அப்படியே எழுதினார். எதிரியின் வாசகத்தை அவர் சொன்னபடியே எழுத ஒருவர் சம்மதிக்கிறார் என்றால், அங்கே பாதி வேலை முடிந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

மூன்று நாள் பயிலரங்குகளாக மூன்று முறை கூடினார்கள். முதலில் வந்தவை 30 கதைகள். அவற்றைக் குறைத்துக் குறைத்து நான்கில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான்குக்கும் பறத்தலோடு தொடர்புடைய பெயர்கள். மணலில் தலை புதைக்கும் நெருப்புக்கோழி, பேச்சுவார்த்தையைத் தவிர்க்கும் வெள்ளையர் அரசு. நொண்டி வாத்து, இழுத்துக்கொண்டே போகும் இடைக்கால ஆட்சி. மூன்றாவது இக்காரஸ். மக்கள் ஆதரவோடு வந்த கறுப்பின அரசு, கையில் இல்லாத பணத்தை வாரி இறைத்து, கிரேக்கக் கதையில் சூரியனை நெருங்கிச் சிறகு உருகியவனைப்போல விழுந்து நொறுங்கும். நான்காவது பூநாரைகளின் பறத்தல்: மெதுவாகத் தொடங்கி எல்லாரும் சேர்ந்து மேலெழும்புவது.

இக்காரஸ் கதையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நாளை ஆட்சிக்கு வரப்போகிற இயக்கத்தின் ஆட்களே அந்த அறையில் இருந்தார்கள். தங்கள் ஆட்சி எப்படித் தோற்கக்கூடும் என்பதைத் தாங்களே உட்கார்ந்து எழுதினார்கள். அவர்களில் டிரெவர் மானுவேல் 1996 முதல் 2009 வரை நாட்டின் நிதியமைச்சர். டிட்டோ இம்போவேனி 1999 முதல் 2009 வரை ரிசர்வ் வங்கியின் ஆளுநர். அந்தப் பாடத்தைத் தங்கள் தலைவரோ வெளிநாட்டு வங்கியோ அவர்களுக்கு நடத்தியிருந்தால் அரைமணி நேரம்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

உடனே ஒரு கேள்வி எழும். எங்கள் நிறுவனத்தில் அப்படியென்ன பகை இருக்கிறது? 40 பேர் வேலை செய்கிற இடத்துக்கு ஒரு நாட்டின் கதையை ஏன் சொல்கிறீர்கள்? பகை இல்லாத இடத்தில் வேறொன்று இருக்கிறது: மரியாதை. நம் ஊர்க் கூட்டங்களில் பேச்சைக் கொல்வது பகையைவிட மரியாதைதான். எம்.டி. முதலில் வாய் திறந்து, 'கோயம்புத்தூரில் ஒரு கிளை தொடங்கலாம் என்று நினைக்கிறேன், நீங்கள் எல்லாரும் மனம்விட்டுச் சொல்லுங்கள்' என்கிறார். உண்மையாகவே கேட்கிறார். ஆனால் அந்த நொடியிலேயே கூட்டம் முடிந்துவிட்டது. அடுத்து வருவதெல்லாம் 'நல்ல யோசனை சார், ஆனால் இடம் மட்டும் பார்க்கணும்' என்கிற வகைதான்.

உலகின் மிகப் பெரிய நாற்காலியில் இருந்தவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1961-இல் கியூபாமீது பன்றிகள் விரிகுடாவில் படையிறக்கும் திட்டத்தை அமெரிக்க அதிபர் கென்னடியின் அவை ஏற்றுக்கொண்டது. தயங்கியவர்கள் தயக்கத்தை விழுங்கிக்கொண்டார்கள். படையெடுப்பு மூன்றே நாளில் படுதோல்வி. அடுத்த ஆண்டு கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தபோது கென்னடி ஒரு காரியம் செய்தார்: ஆலோசனைக் குழுவின் சில அமர்வுகளுக்கு வேண்டுமென்றே போகாமல் இருந்தார். தாம் அறையில் இருந்தால் மற்றவர்களின் பேச்சு தம் பக்கம் சாய்ந்துவிடும் என்று தெரிந்துகொண்டிருந்தார். இர்விங் ஜானிஸ் என்ற உளவியலறிஞர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து 1972-இல் ஒரு நூலே எழுதினார்.

தலைவர் வெளியே போய்விட்டால் போதுமா? போதாது. 1985-இல் காரல்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர் தலைவர் பதவிக்கு மூன்று கற்பனை வேட்பாளர்கள். நால்வர் கொண்ட குழு ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாத் தகவலும் எல்லார் கையிலும் இருந்தபோது, பத்தில் எட்டுக்கு மேற்பட்ட குழுக்கள் சிறந்தவரைத் தேர்ந்தெடுத்தன. அதே தகவலைப் பிரித்து, அந்தச் சிறந்தவரின் நல்ல குணங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தெரியும்படி கொடுத்தபோது, நான்கில் ஒரு பங்கு குழுக்கள்கூட அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. நால்வரும் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் முழுப் படமும் மேசைமீது வந்திருக்கும். வரவில்லை. குழு கூடிப் பேசும்போது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசுகிறது. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது அவர் மடியிலேயே தங்கிவிடுகிறது. அந்தச் சோதனையில் தலைவரும் இல்லை, பயமும் இல்லை. அப்படியிருந்தும் இந்தக் கதி.

இதை நான் நேரில் கண்டதுண்டு. ஆயத்த ஆடை தைக்கும் ஒரு நிறுவனம். புதிதாக ஒரு யூனிட் தொடங்குவது பற்றிய இரண்டு நாள் கூட்டம், நெறியாளர் நான். மார்க்கெட்டிங்காரர், கணக்கர், குடும்பத்து இளைய தலைமுறை எல்லாரும் கம்ப்யூட்டர் படங்களோடு பேசினார்கள். டிஸ்பாட்ச் பகுதியில் இருந்த ஒருவர் காலையிலிருந்து வாய் திறக்கவில்லை. உணவு இடைவேளைக்குப் பிறகு எல்லாருக்கும் ஒரு அட்டை கொடுத்து, 'இந்த அறையில் மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும் என்று நீங்கள் நினைக்கிற ஒரு விஷயத்தை எழுதுங்கள்' என்றேன். அவர் தமிழில் இரண்டே வரி எழுதினார். பெரிய பையரின் சரக்கு எடுக்க வருகிற ஏஜென்ட், கடந்த இரண்டு சீசனாக அட்டைப்பெட்டி எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வருகிறார், வேறு மாநிலத்துக்கு ஆர்டர் போகிறது என்று லாரிக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு புதிய யூனிட்டைப் பற்றிய பேச்சே வேறு திசைக்குத் திரும்பியது. அவர் அதை மறைத்து வைத்திருக்கவில்லை. தம்மிடம் இருப்பது இந்தக் கூட்டத்துக்கு உரிய செய்தி என்றே அவருக்குத் தோன்றவில்லை. கேட்பதற்கு ஒருவர் இருந்தார், கேட்கும் முறை ஒன்று இருந்தது, அதனால் வந்தது.

இந்த இடத்தில் மொழியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஊரில் இதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. பயிலரங்கு என்றதும் ஆங்கிலத்துக்குத் தாவுகிறோம். அச்சடித்த அஜெண்டா ஆங்கிலத்தில், திரையில் வருவது ஆங்கிலத்தில், பேச்சு முக்கால்வாசி ஆங்கிலத்தில். தொழிற்கூடத்தை உள்ளங்கையைப்போல அறிந்த சூப்பர்வைசர் அங்கே மூன்றாம் வகுப்புப் பையனைப்போல உட்கார்ந்திருக்கிறார். ஆங்கிலம் சரளமாக வருகிறவருக்கு அறிவும் சரளம் என்று அறை முழுக்க நம்பிவிடுகிறது. நல்ல நெறியாளர் முதல் பத்து நிமிடத்திலேயே தமிழில் பேசி, தமிழில் எழுதி, மற்றவர்களையும் தமிழில் எழுதவைத்துவிடுவார். இது ஒரு சாதாரண ஏற்பாடுதான். அதற்குள் எத்தனை பேர் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். பெண் ஊழியர்களுக்கும் இது பொருந்தும். பெரிய வட்டத்தில் பேசாதவர்கள் மூவர் மூவராகப் பிரித்து உட்காரவைத்தால் பேசுவார்கள். யார் யாரோடு உட்காருவது என்பதைத் தீர்மானிப்பது வேலையில் பாதி. சாதியும் பதவியும் வயதும் நாற்காலிகளை எப்படித் தாமாகவே அடுக்கிவிடும் என்று அறியாதவர் இந்த வேலைக்கு வரக் கூடாது.

பேனா யார் கையில் இருக்கிறது என்பதும் அப்படித்தான். 1980களின் கடைசியில், கர்நாடகத்தில் மைராடா, குஜராத்தில் ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டம் போன்ற அமைப்புகள் கிராமங்களில் ஒரு புதிய முறையைக் கையாளத் தொடங்கின. அதிகாரி வரைபடத்தை விரித்துக் காட்டுவதற்குப் பதிலாக, ஊர்க்காரர்களே தெருமண்ணில் கோலப்பொடியாலும் கல்லாலும் விதைகளாலும் தங்கள் ஊரை, ஏரியை, தரிசை, கிணறுகளை வரைந்தார்கள். ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்த முறையை உலகம் முழுக்க எழுதிப் பரப்பினார். அவருடைய புகழ்பெற்ற அறிவுரை ஒன்றுண்டு: வெளியிலிருந்து வந்தவர் தம் கையிலிருக்கும் கோலை ஊர்க்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். காகிதத்தில் வரைந்தால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்தான் வரைவார். தரையில் வரைந்தால் கிழவியும் குனிந்து, 'இந்த ஓடை இப்படிப் போகலியே' என்று அழித்துத் திருத்துவாள். கோலப்பொடி நம் வீட்டு வாசலில் இருப்பது. அதைத் திட்டமிடலுக்குப் பயன்படுத்தலாம் என்பதை நம் தொழில் நிறுவனங்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் படத்தை ஒருவர் மட்டுமே மாற்ற முடியும். சுவரில் ஒட்டிய தாளை, தரையில் பரப்பிய அட்டையை எல்லாரும் மாற்றலாம்.

ஒரு நெறியாளரின் வேலை கல்யாணப் பந்தியை விசாரிக்கிறவரின் வேலையைப் போன்றது. சமைத்தது அவரல்லர், சாப்பிடுவதும் அவரல்லர். எந்த இலையில் எது இல்லை என்று அவர் கண்ணுக்குத்தான் தெரியும். அவர் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிவிட்டால் கடைசி வரிசைக்கு ரசம் வராது. நிர்வாகியாகிய உங்களுக்குச் சொல்ல வேண்டியவை ஏராளம் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதனால்தான் நீங்கள் பந்தியில் உட்கார வேண்டும், விசாரிக்கிற வேலையை இன்னொருவர் பார்க்க வேண்டும். கூட்டத்தை நடத்தாமல் இருந்தால்தான் உங்கள் கருத்தை ஆணையாக ஆக்காமல் கருத்தாகவே சொல்ல முடியும்.

'அதற்கு ஏன் பயிற்சி பெற்றவர்? எங்கள் எச்.ஆர். பெண் நன்றாகப் பேசுவாள், அவளே நடத்தட்டுமே' என்று கேட்கலாம். இதற்கு ஆராய்ச்சியில் பதில் இருக்கிறது. அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற விளம்பரத் துறைக்காரர் அமெரிக்காவில் கூட்டுச் சிந்தனை முறையைப் பரப்பினார். ஒருவர் யோசனையை மற்றவர் குறைகூறாமல் எல்லாரும் சேர்ந்து யோசனைகளை அள்ளிக் கொட்டுவது. பிரெயின்ஸ்டார்மிங் என்று நாம் சொல்வது இதுதான். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நால்வர் சேர்ந்து யோசித்ததைவிட, நால்வர் தனித்தனியே யோசித்து எழுதியதைக் கூட்டினால் ஏறத்தாழ இரு மடங்கு யோசனைகள் தேறின. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கும்போது தம் யோசனை மறந்துபோகிறது, அல்லது அற்பமாகத் தோன்றிவிடுகிறது. இந்த முடிவு பின்னால் பலமுறை உறுதிப்பட்டது. ஆனால் 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், நன்கு பயிற்சி பெற்ற நெறியாளர் நடத்திய குழுக்கள் அந்த இழப்பை ஈடுகட்டி, தனித்தனியே யோசித்தவர்களுக்கு இணையாக வந்தன. பயிற்சி இல்லாதவர் நடத்திய குழுக்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஆக, ஒருவரை முன்னால் நிறுத்துவதால் மட்டும் எதுவும் கிடைக்காது. அந்த ஒருவருக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும். எச்.ஆர். பெண்ணுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அவளுடைய சம்பள உயர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அதே அறையில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தத் தொழில் என்ன? ஸ்டிக்கர் தாள்களும் வண்ணப் பேனாக்களும் அல்ல. பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நான்கு கட்டம் போட எவராலும் முடியும். தொழிலின் பெரும்பகுதி பயிலரங்குக்கு முன்பே நடந்துவிடுகிறது. அமர்த்தப்பட்ட நெறியாளர் முதலில் எட்டுப் பத்துப் பேரைத் தனித்தனியே சந்தித்துப் பேச வேண்டும், ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரமாவது. யார் என்ன சொன்னார்கள் என்பது நிர்வாகிக்குப் போகாது என்று முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தச் சந்திப்புகள் இல்லாமல் நேராக மேடைக்கு வருகிறவரை நம்பாதீர்கள். அவர் கூட்டத்தை நடத்துவார். ஆனால் எந்தக் கூட்டத்தை நடத்துகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

பிறகு ஒரு கேள்விக்கு நிர்வாகியிடமிருந்து அவர் பதில் வாங்கியாக வேண்டும்: இறுதி முடிவு எப்படி எடுக்கப்படும்? எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவா, பெரும்பான்மையா, அல்லது எல்லாரையும் கேட்டுவிட்டு நிர்வாகி முடிவு செய்வாரா? மூன்றும் நேர்மையான வழிகள்தான். மூன்றாவதை மனத்தில் வைத்துக்கொண்டு முதலாவதைப் போலக் காட்டுவதுதான் துரோகம். 'எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தோம்' என்று சொல்லிவிட்டு மறுவாரம் மேலிடம் வேறொன்று செய்தால், அடுத்த பத்தாண்டுக்கு அந்த நிறுவனத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆகவே முதல் நாள் முதல் அரைமணியில் நிர்வாகி எழுந்து, 'உங்கள் எல்லாருடைய கருத்தையும் கேட்பேன், கடைசியில் நான் முடிவு செய்வேன், ஏன் அப்படிச் செய்தேன் என்று உங்களுக்குச் சொல்வேன்' என்று சொல்லிவிட்டால், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நிம்மதிதான் அடைவார்கள்.

இரண்டு நாள் பயிலரங்கில் ஒரு கட்டம் வரும், தவறாமல் வரும். முதல் நாள் மாலையோ இரண்டாம் நாள் முற்பகலோ. நிறைய யோசனைகள் சுவரில் தொங்கும். எதுவும் எதோடும் ஒட்டாது. விற்பனைப் பிரிவுக்காரர் சொல்வது உற்பத்திப் பிரிவுக்காரருக்குப் புரியாது, புரிந்தாலும் பிடிக்காது. களைப்பு வரும், எரிச்சல் வரும், யாராவது ஒருவர் 'இதெல்லாம் பேசி என்ன ஆகப்போகிறது' என்பார். சாம் கேனர் என்ற அமெரிக்க நெறியாளர் குழு முடிவெடுத்தலைப் பற்றிய தம் நூலில் இந்தக் கட்டத்துக்கு முனகல் நிலம் என்று பெயரிட்டு விவரிக்கிறார். வெவ்வேறு அனுபவம் உள்ளவர்கள் ஒருவர் பார்வையை ஒருவர் உள்வாங்க முயலும்போது முனகல் வந்தே தீரும் என்பது அவர் கருத்து. என் அனுபவமும் அதுதான். நிர்வாகி கூட்டத்தை நடத்தினால் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து, 'சரி, நேரமாகிறது, நான் சொல்கிறேன்' என்று முடித்துவைப்பார். அவரைக் குறைசொல்ல முடியாது, அவருக்குக் கடையைத் திறக்க வேண்டும். நெறியாளர் அந்த அசௌகரியத்தைத் தாங்குவதற்காகச் சம்பளம் வாங்குகிறவர். 'நாம் வழி தவறவில்லை, வர வேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம்' என்று சொல்லி, அரைமணி நேரம் எல்லாரையும் அங்கேயே நிற்கவைப்பார். 'நீங்கள் சொன்னதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று அவரையே சொல்லச் சொல்வோமா?' என்று கேட்பார். இந்த ஒரு திறமைக்காக மட்டுமே நான் ஒருவருக்குப் பணம் கொடுப்பேன்.

இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1946 கோடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், இனப்பாகுபாட்டைக் குறைக்க ஊர்த் தொண்டர்களுக்கு ஒரு பயிலரங்கு நடந்தது. நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூத உளவியலறிஞர் கர்ட் லெவின் அதை வழிநடத்தினார். இரவில் ஆய்வாளர்கள் மட்டும் கூடி, பகலில் குழுக்களில் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பேசுவது வழக்கம். சில தொண்டர்கள் நாங்களும் வந்து கேட்கலாமா என்றார்கள். லெவின் சம்மதித்தார். தங்களைப் பற்றிய வருணனையைக் கேட்ட தொண்டர்கள் 'அப்படி நடக்கவில்லை' என்று மறுத்துப் பேசத் தொடங்கினார்கள். பயிற்சியைவிட அந்த இரவுப் பேச்சிலிருந்துதான் எல்லாரும் அதிகம் கற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் லெவின் இறந்துபோனார். அந்தக் கோடையில் அவருடைய சகாக்கள் மெய்ன் மாநிலத்தின் பெத்தெல் என்ற சிற்றூரில் இதையே ஒரு பயிற்சிக்கூடமாகத் தொடங்கினார்கள். ஒரு குழு தான் எப்படிப் பேசுகிறது என்பதைத் தானே திரும்பிப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கைதான் இந்தத் தொழிலுக்கு அடிப்படை.

எப்போது நெறியாளரை அழைக்கக் கூடாது என்பதும் முக்கியம். முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள், ஊழியர்கள் ஒப்புக்கொண்டதாகக் காட்ட ஒரு கூட்டம் வேண்டும் என்றால் அழைக்காதீர்கள். நல்ல நெறியாளர் அந்த வேலையை ஏற்கவும் மாட்டார். ஒருவரைப் பற்றிய புகாரை எல்லார் முன்னிலையிலும் தீர்க்க வேண்டும் என்றாலும் கூடாது. அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. தொடக்க உரை ஆற்றிவிட்டுக் கிளம்பிவிடுவேன், அல்லது போனைப் பார்த்துக்கொண்டு பின் வரிசையில் இருப்பேன் என்று நினைக்கிற நிர்வாகியும் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். ஏற்காட்டிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ ரிசார்ட் எடுத்து, பலூன் ஊதி, கயிறு இழுத்து, மாலையில் குழுப்படம் எடுத்துத் திரும்புவது உல்லாசப் பயணம். அதற்கு அதன் இடம் உண்டு, ஊழியர்களுக்கு அது தேவையும்கூட. திட்டமிடல் என்று மட்டும் அதைச் சொல்லாமல் இருந்தால் போதும்.

இன்னும் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. நெறியாளர் உண்மையிலேயே நடுநிலையாளரா? மோன் ஃப்ளூர் பயிலரங்கின்மீதே இந்தக் குற்றச்சாட்டு உண்டு. 1996-இல் மானுவேல் நிதியமைச்சராக இருந்தபோது தென்னாப்பிரிக்க அரசு கடும் சிக்கனப் பொருளாதாரக் கொள்கையை அறிவித்தது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. இக்காரஸ் கதையின் பயம் ஆட்சியாளர்களின் கையைக் கட்டிப்போட்டுவிட்டது, ஏழைகளுக்குச் செலவிட வேண்டிய நேரத்தில் தயங்கவைத்துவிட்டது என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள். அந்த நாட்டின் வேலையின்மையையும் ஏற்றத்தாழ்வையும் இன்று பார்க்கும்போது அந்த விமர்சனத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 22 பேரை யார் தேர்ந்தெடுத்தார், யாரை விட்டுவிட்டார் என்பதிலேயே ஒரு சாய்வு இருக்கத்தான் செய்யும். எந்தப் பயிலரங்கும் இதிலிருந்து தப்ப முடியாது. ஆகவே நெறியாளரிடம் நான் முழு நடுநிலையை எதிர்பார்ப்பதில்லை. எந்த முடிவு வர வேண்டும் என்பதில் அவர் சார்பற்று இருக்கட்டும். யார் குரல் கேட்க வேண்டும் என்பதில் அவர் சார்போடுதான் இருக்க வேண்டும், கேட்காத குரலின் பக்கம். அழைப்புப் பட்டியலைப் போட உட்காரும்போதே அவர், 'இரவு ஷிப்டிலிருந்து யாருமே இல்லையே', 'களப்பணியாளர் ஒருவர்கூட இல்லையே' என்று சொல்லாவிட்டால், அவர் தம் வேலையைத் தொடங்கவே இல்லை.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். நல்ல நெறியாளருக்குக் கொடுக்கிற தொகை சிறிய அமைப்புக்குக் கனமானதுதான். முதலில் உங்கள் பக்கத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முப்பது பேர் இரண்டு நாள் வேலையை விட்டு உட்காருகிறார்கள். அவர்கள் சம்பளம், நின்றுபோன உற்பத்தி, சாப்பாடு, மண்டப வாடகை எல்லாம் எப்படியும் செலவாகப்போகின்றன. அந்த இரண்டு நாளும் ஒருவர் பேச்சிலேயே கழிந்தால் அதுதான் பெரிய நஷ்டம். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எத்தனை பெரிய கம்பெனிகளுக்குச் செய்தார் என்ற பட்டியலைவிட, எந்த வேலையை, ஏன் மறுத்தார் என்று கேளுங்கள். அவர் நடத்திய ஏதாவது ஒரு பயிலரங்கில் கலந்துகொண்ட கடைநிலை ஊழியர் ஒருவரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். பயிலரங்கு முடிந்த மறுநாளே சுவரில் எழுதியவை எல்லாரையும் சென்றடைய வேண்டும், அழகுபடுத்தாமல், அவரவர் எழுதிய சொற்களிலேயே. ஒவ்வொரு பணிக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. முப்பது நாள் கழித்து நெறியாளர் ஒரு அரைநாள் திரும்பி வந்து எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எல்லாரையும் கேட்க வேண்டும். அந்த அரைநாளையும் சேர்த்தே ஒப்பந்தம் போடுங்கள்.

அவ்வளவு பணமே இல்லாத அமைப்புகள் இங்கே பாதிக்கு மேல் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். பால் சங்கங்கள், சிறிய அறக்கட்டளைகள், பத்துப் பேர் பட்டறைகள். அவர்களுக்கு ஒரு யோசனை: கைமாற்று. உங்கள் அமைப்பிலிருந்து ஒருவர் இன்னொரு அமைப்பின் கூட்டத்தை நடத்தித் தரட்டும், அவர்களுடைய ஆள் உங்கள் கூட்டத்தை நடத்தட்டும். இரண்டு பேருக்கும் அந்த அறையில் பதவி இல்லை, பங்கு இல்லை, பயம் இல்லை. பயிற்சி மட்டும்தான் குறை, அதைச் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம். மூன்று நாள் பயிற்சி ஒன்றை இந்த நிகழ்ச்சியின் அமைப்பாளர்களோடு சேர்ந்து கட்டணமின்றி நடத்தித்தர நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன், முழுக்கத் தமிழில். வெளியே காப்பி வைத்திருக்கிற மேசைமீது ஒரு பதிவேடு இருக்கிறது. உங்கள் அமைப்பின் பெயரையும், கூட்டம் நடத்தக் கற்றுக்கொள்ள நீங்கள் அனுப்பப்போகிற ஒருவரின் பெயரையும் எழுதுங்கள். நிர்வாகிகள் தங்கள் பெயரை எழுத வேண்டாம்.